400 டாலர் டீசல்

லிட்டர் 5,000 ரூபாய்க்கு டீசல் வாங்குவீர்களா?

அமெரிக்க ராணுவம் வாங்கியது. ஆப்கானிஸ்தானின் ஒதுக்குப்புற முகாம்களுக்கு ஒரு கேலன் எரிபொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்க, எல்லாம் சேர்த்து 400 டாலர்வரை ஆகிறது என்று 2009 அக்டோபரில் பென்டகன் அதிகாரிகள் தங்கள் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். ஒரு கேலன் என்பது ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர். அன்றைய டாலர் மதிப்பைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள், 5,000 ரூபாயை ஒட்டி வரும்.

பேச்சு வசதிக்காக டீசல் என்கிறேன். உண்மையில் அது ஜேபி-8 என்ற மண்ணெண்ணெய் வகை. விமானத்துக்கும் அதுதான், டாங்கிக்கும் அதுதான், கூடாரத்துக்குப் பின்னால் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டருக்கும் அதுதான்.

செய்தி வந்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அமெரிக்க எம்.பி.க்கள் வரிப்பணம் வீணாகிறது என்று கத்தினார்கள். ராணுவ நிபுணர்கள் 'லாஜிஸ்டிக்ஸ்' என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார்கள். அந்த 400 டாலரில் லாரிக் கூலி இருந்தது, காவல் செலவு இருந்தது, ஹெலிகாப்டர் வாடகைகூட இருந்தது. லாரி ஓட்டியவனின் உயிர் எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைத்தான் நான் கேட்க நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சாலையைப் பார்த்துவிடுவோம்.

ஆப்கானிஸ்தானுக்குக் கடல் கிடையாது. சரக்கெல்லாம் கராச்சி துறைமுகத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று, பாகிஸ்தானின் நீளம் முழுக்க ஏறி பெஷாவர், கைபர் கணவாய், தோர்க்கம் எல்லை, அப்புறம் ஜலாலாபாத், காபூல். 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால்தான் எல்லையே வரும். இன்னொன்று, குவெட்டா வழியாக சமன் எல்லை, அங்கிருந்து காந்தஹார். எரிபொருளில் பெரும்பங்கு பாகிஸ்தான் சுத்திகரிப்பு ஆலைகளிலேயே வாங்கப்பட்டது. ஏற்றிப்போனவை தனியார் டேங்கர்கள். ஓட்டியவர்கள் பாகிஸ்தானியரும் ஆப்கானியரும். பாகிஸ்தானுக்குள் இருக்கும்வரை பக்கத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் கிடையாது. ஒரு டிரைவர், ஒரு கிளீனர், முதுகுக்குப் பின்னால் 40,000 லிட்டர் எண்ணெய். அவ்வளவுதான் படை.

நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள். யுத்தமே இல்லாத ஊரில், நல்ல ரோட்டில் டேங்கர் ஓட்டுவதற்கே எத்தனை பயம் வேண்டியிருக்கிறது என்று சொல்வார்கள்.

தலிபான்களுக்கு இது நன்றாகவே தெரியும். டாங்கியை அழிக்கப் பெரிய ஆயுதம் வேண்டும். டேங்கருக்கு ஒரு துப்பாக்கியும் ஒரு தீக்குச்சியும் போதும். 2010 செப்டம்பர் 30-ம் தேதி நேட்டோ ஹெலிகாப்டர்கள் எல்லை தாண்டிச் சுட்டதில் பாகிஸ்தானின் எல்லைக் காவல் வீரர்கள் செத்துப்போனார்கள். கோபத்தில் பாகிஸ்தான் தோர்க்கம் வாசலைப் பத்து நாள் இழுத்து மூடியது. லாரிகள் வழியெங்கும் வரிசைகட்டி நின்றுவிட்டன. நிற்கிற டேங்கரைவிட சுலபமான குறி உண்டா? சிந்து மாகாணத்தின் ஷிகார்பூரில் ஒரே இரவில் இரண்டு டஜனுக்கு மேல் எரிந்தன. அடுத்து இஸ்லாமாபாத் அருகே, அதற்கடுத்து நௌஷெரா, குவெட்டா. அந்தப் பத்து நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் போயின. எண்ணெயைத் திருடி விற்றுவிட்டு இன்ஷூரன்ஸுக்காகக் காலி டேங்கரைக் கொளுத்தியவர்களும் உண்டு என்று செய்திகள் வந்தன. இருக்கலாம். எந்த ஊரில்தான் அது இல்லை? ஆனால் அதைச் சாக்காக வைத்து டிரைவர்கள் எல்லோருமே திருடர்கள் என்கிற மாதிரி எழுதியதுதான் அநியாயம்.

எண்ணெய் வழியை அடித்தால் படை படுத்துவிடும் என்பது ஒன்றும் தலிபான் கண்டுபிடித்த ரகசியமில்லை. 1942-ல் வட ஆப்பிரிக்காவில் ரோம்மலின் டாங்கிகள் பெட்ரோலுக்குத் தவம் கிடந்ததற்கு, மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷார் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல்கள் ஒரு பெரிய காரணம். கப்பலில் தப்பி வந்த பெட்ரோலிலும் ஒரு பங்கை, அதைப் பாலைவனத்தில் இழுத்துக்கொண்டு போன லாரிகளே குடித்துத் தீர்த்தன. அவ்வளவு தூரம் போவானேன். இதே ஆப்கானிஸ்தானில் 1979 முதல் 1989 வரை சோவியத் படை பட்ட பாடு இருக்கிறதே! சலாங் கணவாயில் 1964-ல் அவர்களே கட்டிக்கொடுத்த சுரங்கப்பாதை வழியாகத்தான் அவர்களுடைய எண்ணெய் லாரிகளும் வர வேண்டும். பக்கத்திலேயே பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் அகமத் ஷா மசூத் உட்கார்ந்திருந்தார். வரும் லாரியெல்லாம் எரிந்தது. குழாய் போட்டுப் பார்த்தார்கள், குழாயையும் உடைத்தார்கள். ஒரு சாலையைக் காப்பாற்ற அந்தப் பள்ளத்தாக்கின் மீது ஒன்பது முறை படையெடுத்தும் மசூத் அங்கேயேதான் இருந்தார்.

இத்தனையும் அமெரிக்கத் தளபதிகள் பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம். அப்படியானால் தங்கள் எண்ணெயை எப்படிக் காப்பாற்றினார்கள்?

மாமூல் கொடுத்து.

கிண்டல் செய்யவில்லை. 2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று, ஜான் டியர்னி தலைமையில் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. தலைப்பிலேயே 'யுத்தப் பிரபுக்கள் கம்பெனி' என்ற பொருள் வருகிற மாதிரி பெயர் வைத்திருந்தார்கள். விஷயம் இதுதான். ஆப்கானிஸ்தானுக்குள் ராணுவச் சரக்கை ஏற்றிப்போக எட்டு கம்பெனிகளுக்கு 216 கோடி டாலர் காண்டிராக்ட். போர்முனைக்குப் போகும் சரக்கில் 70 சதவிகிதத்துக்கு மேல் இவர்கள் கையில். பாதுகாப்பும் உங்கள் பொறுப்பே என்று காண்டிராக்டில் எழுதிவிட்டது ராணுவம். கம்பெனி என்ன செய்யும்? ஒவ்வொரு சாலைக்கும் ஒரு துப்பாக்கிக்கார தாதா இருந்தார். அவரிடம் லாரிக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் வண்டி பத்திரமாகப் போகும். கட்டாவிட்டால் சுடப்படும், சில இடங்களில் அதே தாதாவின் ஆட்களால். அவர் வாங்கியதில் ஒரு பங்கு தலிபானுக்கும் போகிறது என்று காண்டிராக்டர்களே நம்பினார்கள். ராணுவ அதிகாரிகளிடம் சொல்லவும் சொன்னார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதும் சுலபம். சரக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

தலிபானைச் சுடப் போகிற வண்டிக்கு டீசல். அந்த டீசல் பத்திரமாக வர தலிபானுக்குக் காசு. அந்தக் காசில் தலிபானுக்குத் துப்பாக்கி. நம்ம ஊர் செக்போஸ்ட்டில் இருபது ரூபாய் வாங்குகிறவர் இதைக் கேட்டால் வெட்கப்பட்டுப் போவார்.

சரி, இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த எண்ணெயை யார் குடித்தார்கள்? டாங்கி, ஹெலிகாப்டர் என்றுதானே நினைக்கிறீர்கள்?

பென்டகனுக்கு ஆலோசனை சொல்லும் பாதுகாப்பு அறிவியல் வாரியம் 2008 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. போர்க்காலத்தில் அமெரிக்கத் தரைப்படை ஆண்டுக்கு எரிக்கும் எண்ணெய் 105 கோடி கேலன். இதில் டாங்கி முதலிய போர் வாகனங்கள் 16.2 கோடி. போர் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் 30.7 கோடி. எல்லாரையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் நிற்பது ஜெனரேட்டர், 35.7 கோடி கேலன். மூன்றில் ஒரு பங்கு! அமைதிக் காலத்தில் அதே ஜெனரேட்டர்கள் குடிப்பது 2.6 கோடி கேலன்தான்.

ஜெனரேட்டர் எதற்கு? விளக்கு, கம்ப்யூட்டர், ரேடியோ எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும் தீனி ஏ.சி.க்கு. பாலைவனத்தில், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், துணிக் கூடாரத்துக்கு ஏ.சி. உள்ளே ஊதுகிற குளிர் துணி வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஏ.சி. போட்டால் நம் வீட்டில் அம்மா விடுவாரா? 'கரெண்ட் பில்லை யாரு கட்டுறது'ன்னு ஒரே சத்தமாக இருக்கும். பென்டகனில் அந்தச் சத்தம் போட ஆளில்லை. காரணம், பில்லே வரவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்க ராணுவத்துக்குள் எண்ணெய்க்கு ஒரே விலை. எந்த நாட்டில், எந்த மலையுச்சியில் வாங்கிக்கொண்டாலும் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது ஒரே தொகை. 2001-ல் அது கேலனுக்கு ஒரு டாலர் அளவில் இருந்தது. எண்ணெய் ஏற்றிவந்த லாரி, காவலுக்கு வந்த வண்டி, மேலே பறந்த ஹெலிகாப்டர், வழியில் செத்தவன், எதுவும் அந்த விலையில் சேராது. ஒருவர் வந்து 'கூடாரத்துக்கு மேல் வெப்பம் தடுக்கும் நுரை பூசலாம், எண்ணெய் மிச்சமாகும்' என்றால் அதிகாரி கால்குலேட்டரைத் தட்டுவார். ஒரு டாலர் எண்ணெயை மிச்சம்பிடிக்க இவ்வளவு செலவா, கட்டுப்படியாகாது என்று கோப்பை மூடிவிடுவார். அவருடைய கணக்கு சரி. விலைதான் பொய்.

இது தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. இதே வாரியம் 2001-லேயே, ஆப்கன் யுத்தம் தொடங்குவதற்கு முன்பே இன்னொரு அறிக்கை கொடுத்திருந்தது. அமெரிக்கத் தரைப்படையைப் போர்க்களத்தில் கொண்டுபோய் நிறுத்த ஆகும் எடையில் 70 சதவிகிதம் எரிபொருள், கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவையும் விலையில் சேருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அலமாரியில் வைத்தார்கள். 2006-ல் இராக்கின் அன்பார் மாகாணத்தில் இருந்த மரீன் தளபதி ரிச்சர்ட் ஸில்மர், சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கிற கருவிகளை அவசரமாக அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டார். அவர் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒன்றும் இல்லை. எண்ணெய் கொண்டுவரும் கான்வாய்களில் தன் ஆட்கள் சாகிறார்கள், வண்டிகள் குறைந்தால் சாவு குறையும் என்பதுதான் அவருடைய வாதம்.

இராக்கில் சரக்குப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட ஸ்டீவன் ஆண்டர்சன் என்ற ஜெனரல், கூடாரங்களுக்கு நுரை பூச வேண்டும் என்று மன்றாடியவர். ஓய்வுபெற்ற பிறகு 2011-ல் வானொலியில் போட்டு உடைத்தார். இராக், ஆப்கானிஸ்தான் இரண்டிலும் ஏ.சி. செலவு மட்டும் ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் என்றார். பென்டகன் உடனே மறுத்தது. நாங்கள் எண்ணெய்க்கே அவ்வளவு செலவழிக்கவில்லை என்றது. சண்டை எங்கே என்று பாருங்கள். அவர் லாரியையும் ரோட்டையும் காவலையும் சேர்த்துச் சொன்னார். இவர்கள் எண்ணெய் பில்லை மட்டும் காட்டினார்கள். மறுபடியும் அதே ஒரு டாலர் கணக்கு.

செய்தால் முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2010 இறுதியில் ஹெல்மந்த் மாகாணத்தின் சங்கின் என்ற ஊருக்கு ஒரு மரீன் கம்பெனி சோலார் தகடுகளோடு போனது. சங்கின் சொகுசான ஊர் இல்லை. அந்த யுத்தத்தின் மிக மோசமான இடங்களில் ஒன்று. அங்கேயே இரண்டு ரோந்து முகாம்கள் முழுக்கச் சூரிய ஒளியில் ஓடின. அதாவது, யுத்தம் தொடங்கி ஒன்பதாவது வருஷம்!

ஏன் இவ்வளவு தாமதம்? சோம்பல், சிவப்பு நாடா, காண்டிராக்டர்களின் லாபம் எல்லாம் உண்டு. ஆனால் முதல் காரணம் என்று நான் நினைப்பது வேறு. செத்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு ஆட்களே இல்லை.

அமெரிக்கத் தரைப்படையின் சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009-ல் ஒரு கணக்கெடுத்தது. 2007 நிதியாண்டில் ஆப்கானிஸ்தானில் 24 எரிபொருள் கான்வாய்களுக்கு ஒருவர் வீதம் செத்தார் அல்லது காயம்பட்டார். இராக்கில் 38 அல்லது 39 கான்வாய்களுக்கு ஒருவர். நல்ல ஆய்வு, பிறகு நடந்த மாற்றங்களுக்கெல்லாம் இதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் இது அந்த இரண்டு நாட்டுக்குள் நடந்ததன் கணக்கு. கராச்சியிலிருந்து தோர்க்கம்வரை செத்தவன் எந்த நாட்டுக் கணக்கு?

2004 ஏப்ரல் 9, புனித வெள்ளி. பாக்தாத் விமான நிலையத்துக்கு எண்ணெய் ஏற்றிப்போன கான்வாய் ஒன்று வழியில் சுற்றி வளைக்கப்பட்டது. ஓட்டியவர்கள் அமெரிக்க டிரைவர்கள். ஆறு பேர் செத்தார்கள். தாமஸ் ஹாமில் என்ற டிரைவர் கடத்தப்பட்டார், மிசிசிப்பியில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர். உலகமே அவர் முகத்தை டி.வி.யில் பார்த்தது. மே 2-ம் தேதி அவரே தப்பி வந்தார், புத்தகம் எழுதினார். நல்லது, மகிழ்ச்சிதான்.

மூன்று மாதம் கழித்து, ஜூலையில், இராக்கில் ஏழு லாரி டிரைவர்கள் கடத்தப்பட்டார்கள். எண்ணெய் வண்டியோ, வேறு சரக்கோ, ரோடும் ஆபத்தும் ஒன்றுதான். மூன்று பேர் இந்தியர்கள், மூன்று பேர் கென்யர்கள், ஒருவர் எகிப்தியர். வேலை பார்த்தது குவைத் கம்பெனி ஒன்றுக்கு. நம் மூவரும் ஹிமாசலப் பிரதேசம், பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். டெல்லியில் வெளியுறவு இணையமைச்சர் இ.அகமது ஆறு வாரம் தொலைபேசியும் கையுமாக இருந்தார். செப்டம்பர் 1-ம் தேதி விட்டார்கள். பணம் கைமாறியதாகப் பேச்சு. அப்புறம் நம் அரசு செய்தது, பாஸ்போர்ட்டில் 'இராக்குக்குச் செல்லாது' என்று முத்திரை குத்தியது. ஏஜென்ட் குவைத்துக்குத்தானே டிக்கெட் போடுகிறான்? அங்கே போய் இறங்கிய பிறகு வண்டி எந்தத் திசையில் திரும்பும் என்று முத்திரைக்கு எப்படித் தெரியும்?

'காசுக்காகத் தெரிந்துதானே போனார்கள்' என்று ஒரு கட்சி உண்டு. கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. இராக்கில் லாரி ஓட்டிய அமெரிக்க டிரைவருக்கு வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் கிடைத்தது. அதே ரோட்டில் ஓட்டிய நம்மூர், நேபாள, பாகிஸ்தான் ஆட்களுக்கு மாதம் சில நூறு டாலர். காசுக்காகத்தான் போனார்கள் என்றால் அந்தக் காசிலாவது ஆபத்துக்கு விலை இருந்திருக்க வேண்டாமா? குண்டு ஆளைப் பார்த்தா வெடிக்கிறது?

செத்தால் நஷ்டஈடு உண்டா? சட்டப்படி உண்டு. 1941-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டில் அவர்கள் ராணுவத்துக்காக வேலை செய்யும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு, அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்கிறது. ஆனால் குடும்பம் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. இன்னும் கொடுமை, காண்டிராக்ட் தொழிலாளிகளின் சாவு பற்றி அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடுகிற எண்ணிக்கையே இந்த விண்ணப்பங்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மனு போடாதவர் அந்தப் பட்டியலில் சாகவே இல்லை.

2011 நவம்பர் 26-ம் தேதி சலாலா என்ற எல்லைச் சாவடியில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் சிப்பாய்கள் இறந்தார்கள். இம்முறை சாலை ஏழு மாதம் மூடப்பட்டது. ரஷ்யா, மத்திய ஆசியா வழியாகச் சுற்றிவரும் வடக்குப் பாதையில் சரக்கு போனதில் மாதம் பத்து கோடி டாலர் கூடுதல் செலவு என்றார் அமெரிக்க ராணுவ அமைச்சர் லியோன் பனெட்டா. பேரம் நடந்தது. லாரிக்கு 5,000 டாலர் கொடு என்றது பாகிஸ்தான். பழைய கட்டணம் 250 டாலர். கடைசியில் 2012 ஜூலை 3-ம் தேதி ஹிலாரி கிளின்டன் ஒரு 'சாரி' சொன்னார், கட்டணம் 250-லேயே நின்றது, கதவு திறந்தது. அந்த ஏழு மாதமும் கராச்சியில் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்த டிரைவர்களுக்கு எவ்வளவு என்று பேரத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஜூலை முடிவதற்குள் பெஷாவர் அருகே ஜம்ரூத்தில் ஒரு டிரைவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

2021 ஆகஸ்டில் அமெரிக்கா மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்பீர்கள். நமக்கும் ஒரு சாலை இருக்கிறது, அதனால்தான். 1999-ல் கார்கில் மலைகளில் பாகிஸ்தான் ஆட்கள் ஏறி உட்கார்ந்தது எதற்கு? கீழே ஓடுகிற ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலையை அறுக்க. லடாக்குக்கும் சியாச்சினுக்கும் எண்ணெய் போகிற வழி அது. குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு வண்டி ஓட்டினார்கள். 2020-க்குப் பிறகு லடாக்கில் குளிர்காலத்திலும் பல்லாயிரம் வீரர்கள். பனி மூடுவதற்குள் மேலே போய்ச் சேர வேண்டிய எண்ணெய் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். ராணுவ வண்டிகள் போதாமல் வாடகைக்கு எடுத்த தனியார் லாரிகளும்தான் ஏறுகின்றன.

சுசூலில் ராணுவத்துக்காகச் சூரிய ஒளியையும் ஹைட்ரஜனையும் வைத்து மின்சாரம் தயாரிக்கும் நிலையம் ஒன்றை அமைக்க என்.டி.பி.சி. 2024-ல் இறங்கியது. டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக. உண்மையிலேயே பாராட்ட வேண்டிய காரியம். இதோடு பாதுகாப்பு அமைச்சகம் இன்னும் இரண்டு எண்களை வருஷா வருஷம் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். எல்லையில் கடைசிச் சாவடிக்கு ஒரு லிட்டர் எண்ணெய் போய்ச் சேர உண்மையில் என்ன செலவாகிறது? அதை ஏற்றிக்கொண்டு போன வாடகை லாரி டிரைவர்களிலும் கிளீனர்களிலும் அந்த வருஷம் எத்தனை பேர் திரும்பி வரவில்லை, அவர்கள் வீட்டுக்கு எவ்வளவு போனது? ராணுவ ரகசியம் என்பார்கள். முதல் எண் வேண்டுமானால் ரகசியமாக இருக்கட்டும். இரண்டாவதைச் சொல்வதற்கு என்ன?